அழுக்குத் தெரியாத நிறம்

1

எங்கள் ஊர் நூலகத்தில், உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இரட்டைக் கட்டிலில் விரித்தால் நான்கு பக்கமும் தரையில் புரளும். இங்கே இதற்குக் குவில்ட் என்று பெயர். மஞ்சள், ஆரஞ்சு, அரக்கு, காய்ந்த புல்லின் பழுப்பு என்று இலையுதிர் காலத்தின் நிறங்கள் எல்லாம் அதில் உண்டு. நடுவில் இருக்கும் பெரிய இலை என் அம்மாவின் சேலை.

நான் நூலகத்துக்குப் போய் ஒரு மாதமாகிறது. திருப்பித் தர வேண்டிய புத்தகங்களை மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

"எங்கள் ஊர்" என்று கனடாவின் இந்தச் சின்ன நகரத்தை எழுதிவிட்டேன் பாருங்கள். குடவாசலுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த வார்த்தை கைதவறி இங்கே வந்து விழுகிறது. மருத்துவமனையில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், "உன் அம்மாவின் இலையைப் பார்த்தோம், அதன் கதையையும் படித்தோம்" என்று பாராட்டுகிறார்கள். நன்றி சொல்லிவிட்டு மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். கூச்சத்தில் காது சுடுகிறது. அவர்கள் படித்த கதை நான் கட்டியது. உண்மையான கதையை அம்மா எல்லார் முன்னாலும் நின்று சொன்னாள். அது யார் காதுக்கும் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டவளும் நான்தான்.

இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊரில் இருக்கும் உங்களுக்குப் பாதி தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

2

அம்மாவை இங்கே அழைத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அம்மாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிறந்த தேதி கேட்டால், "பெருவெள்ளம் வந்துச்சே, அதுக்கு மறு வருசம்" என்பாள். எந்தப் பெருவெள்ளம் என்று கனடா தூதரகத்துக்கு எப்படி விளக்குவது? அதையெல்லாம் ஒருவழியாகத் தாண்டினால், விசா விண்ணப்பத்தில் தொழில் என்று ஒரு கட்டம். விவசாயக் கூலி என்றேன். திருச்சியில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கூலின்னு போட்டா ஊருக்குத் திரும்ப மாட்டாங்கன்னு நெனைப்பாங்க மேடம். விவசாயம்னு போடுவோம். நெலம் நீச்சு உள்ளவங்கன்னு அவங்களே நெனைச்சுக்குவாங்க."

போட்டோம். விசா வந்தது.

யாராவது நம்மை நிலம் நீச்சு உள்ளவர்கள் என்று நினைத்துக்கொண்டால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்பதை நான் அதற்கு வெகு முன்பே கண்டிருந்தேன். வேலையில் சேர்ந்த புதிதில், உணவு இடைவேளையில் ஒருத்தி, உன் அப்பா ஊரில் என்ன செய்தார் என்று கேட்டாள். நெல் பயிரிட்டார் என்றேன். சொந்த வயல்களா என்றாள். தலையை ஆட்டினேன். வாயால் சொல்லவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு வாயாலும் சொல்லப் பழகிவிட்டது. வெள்ளைக்காரர்களிடம்தான் இப்படி என்றில்லை. தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் திருப்பனந்தாள் பக்கத்துக்காரர் ஒருவர், "குடவாசல்ல எந்தத் தெருங்க?" என்று சிரித்த முகமாக நூல் விட்டுப் பார்த்தார். "குடவாசலே இல்லீங்க, பக்கத்துல" என்று சொல்லிவிட்டு சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவள்தான். அடுத்த வருடம் அந்த விழாவுக்குப் போகவில்லை.

அம்மா செப்டம்பரில் வந்து இறங்கினாள். விமானம் ஏறுமுன் நாகூர் தர்காவுக்குப் போய் வேண்டிக்கொண்டு, அங்கே கொடுத்த சர்க்கரையைச் சின்னப் பொட்டலமாக மடித்து இடுப்பில் செருகி வந்திருக்கிறாள். சுங்க அதிகாரி வெள்ளைப் பொடியைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாராம். அம்மா ஒரு சிட்டிகை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு சிட்டிகையை அவருக்கு நீட்டினாளாம். "பாவம், பசி போலருக்கு, மொகமே செத்துக் கெடந்துச்சு" என்றாள்.

பதினைந்து நாளில் வாசல் மரம் சிவக்கத் தொடங்கியது. "இந்த மரத்துக்கு என்னடி சீக்கு? மருந்து அடிக்கக் கூடாதா?" என்று கவலைப்பட்டாள். இங்கே இதுதான் அழகு, பார்ப்பதற்காகக் காரை எடுத்துக்கொண்டு எங்கெங்கிருந்தோ வருவார்கள் என்றேன். பட்டுப்போகிற மரத்தைப் பார்க்கப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் மேல் அவளுக்கு மரியாதை வரவில்லை.

3

பக்கத்து வீட்டு டோரத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை மதியம் பெண்களைக் கூட்டிவைத்துப் போர்வை தைப்பவள். புதுப்பித்த நூலகத்துக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்று தைத்துத் தருவது என்று முடிவாகியிருந்தது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் துணி ஒன்றைக் கொண்டு வர வேண்டும், அந்தத் துணியின் கதையையும் சொல்ல வேண்டும். அம்மாவைத் தனியே வீட்டில் விட மனமில்லாமல் நானும் அவளை அழைத்துக்கொண்டு போனேன்.

பெரிய மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"நல்ல துணியக் காசு குடுத்து வாங்கி, அதத் துண்டு துண்டா வெட்டி, மறுபடி ஒட்டுப்போடுறாங்களே! கிழியிற வரைக்கும் பொறுமை இல்லையா இவங்களுக்கு?"

"அழகுக்கும்மா."

"ஒட்டுப்போட்ட துணி அழகா? அப்படின்னா ஒலகத்துலயே நம்ம தெருதான்டி அழகு."

அம்மா என்ன சொல்கிறாள் என்று டோரத்தி ஆவலாகக் கேட்டாள். ரொம்ப அழகாக இருக்கிறது என்கிறாள் என்றேன். அம்மாவின் பேச்சை நான் மாற்றிச் சொல்லத் தொடங்கியது அங்கேதான். அப்போது அது எனக்குத் தப்பாகவே படவில்லை.

அம்மாவுக்கும் ஊசியைக் கொடுத்தார்கள். நாற்று நடுகிற மாதிரி தாராளமாக இடைவெளி விட்டுத் தைத்தாள். வீட்டுக்கு எடுத்து வந்த துண்டுகளில் அவள் போட்ட தையலைப் பிரித்துவிட்டு நான் பொடித் தையலாகப் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "பிரிச்சுட்டியா? சரி" என்றாள். என் மகள் யாழினி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாழினி தமிழில் பேசி நான் கேட்டு வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து பத்து வயதிலேயே நின்றுவிட்டாள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பதினாறு வயதாகிறது, மொழி போய்விட்டது என்று நானும் கை கழுவிவிட்டேன். அம்மா வந்ததிலிருந்து பேத்தியின் அறையில்தான் படுக்கை. கதவுக்கு அந்தப் பக்கம் இருவரும் எந்த மொழியில் சிரித்துக்கொள்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்தால் எனக்குக் கட்டையைச் சாய்க்கத்தான் தோன்றும். என் கணவருக்கோ பாதி வாரம் வெளியூரில் வேலை.

4

எங்கள் தெரு முழுவதும் ஒரே பண்ணைக்கு வேலை செய்தது. தீபாவளிக்குப் பண்ணையிலிருந்து துணி வரும். கும்பகோணத்தில் மொத்தமாக எடுப்பார்கள். பெண்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் சேலை, பிள்ளைகளுக்கெல்லாம் அதே நிறத்தில் பாவாடை, சட்டை. துருவும் செங்கல்லும் கலந்த மாதிரி ஒரு நிறம். "அழுக்குத் தெரியாது பாரு, வருசம் பூரா கட்டலாம்" என்று பண்ணையின் காரியக்காரர் வருடம் தவறாமல் சொல்வார். அதற்கு நாங்கள் வருடம் தவறாமல் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

அந்தத் துணியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனால் எங்கள் பெயரை யாரும் கேட்க மாட்டார்கள். துணியே சொல்லிவிடும். வாத்தியார், "பண்ணைத் துணியெல்லாம் இந்தப் பக்கம்" என்று எங்களைக் கடைசி வரிசைக்கு அனுப்புவார். மற்ற பிள்ளைகள் எங்களுக்கு "பீசு" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், எல்லாருக்கும் ஒரே பீசில் வெட்டிய துணி என்பதால். அரசு விடுதியில் தங்கி நர்சிங் படிக்கப் போன நாளிலிருந்து அந்த நிறத்தை நான் உடம்பில் படவிட்டதில்லை. என் பெட்டியில் வெள்ளை, இளநீலம், இளம்பச்சை மட்டும்தான். கனடாவுக்கு வந்தால் ஊரே வருடத்துக்கு ஒரு மாதம் பண்ணைத் துணி கட்டிக்கொண்டு நிற்கிறது. என் தலையெழுத்தை என்ன சொல்ல!

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது எங்கள் தெருவுக்கு விவசாயத் தொழிலாளர் சங்கம் வந்தது. கொடிக்கம்பம் நட்டார்கள். குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். ஆட்சி மாறிவிட்டது, இனி அதிகாரிகள் நம் பேச்சைக் கேட்பார்கள் என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்குத் தமிழ்ச்செல்வி என்று பெயர் வைத்த மனிதர் அவர். பண்ணை மசியவில்லை. வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்தார்கள். களத்துமேட்டில் போலீஸ்காரர்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். ஆண்கள் பகலில் தெருவில் தங்குவதில்லை. வீட்டில் நத்தையும் கீரையும் தின்றோம், பிறகு கீரை மட்டும் தின்றோம்.

அந்தத் தீபாவளிக்குத் துணி வரவில்லை. நான் தரையில் புரண்டு அழுதேன். எந்தத் துணியைப் போட்டுக்கொண்டு தலை நிமிர முடியாதோ, அதே துணி வேண்டும் என்று அழுதேன். அம்மா அடிக்கவில்லை, சமாதானமும் செய்யவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது எனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. நான் கேட்டதும் இல்லை.

5

போர்வையின் நடுவில் வைக்க ஒரு பெரிய இலை வேண்டும். அதற்கேற்ற நிறம் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை என்று டோரத்தி புலம்பிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை உள்ளே வந்ததும் அம்மா குளிர்க்கோட்டைக் கழற்றினாள். உள்ளே கட்டியிருந்தது துருநிறச் சேலை. பழசாகி நூல் மெலிந்திருந்தாலும் நிறம் போகவில்லை. டோரத்தி ஓடி வந்து முந்தானையைத் தொட்டாள். "இதுதான்! அக்டோபர் மாதம் இதுதான்!" என்றாள்.

பண்ணைத் துணியை இத்தனை வருடம் பாதுகாத்து இந்த ஊர் வரைக்கும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே என்று அம்மா மேல் ஆத்திரமாக வந்தது. பழைய சேலை, தாங்காது என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"ஒன் சேலையில கொஞ்சம் துணி கேக்குறாங்க. வேணாம்னு சொல்லிட்டேன்."

"நீ யாருடி வேணாங்கறதுக்கு? சேலை என்னுது."

மறு வாரமே, உள்ளே சுற்றுகிற பக்கத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேலேயே கிழித்துக் கொண்டு வந்து டோரத்தியின் கையில் வைத்தாள். இதன் கதை என்ன என்று டோரத்தி என்னைக் கேட்டாள். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். கேட்காமலே சொன்னேன். என் அம்மாவின் குடும்பத்துக்கு ஆற்றங்கரையில் நெல் வயல்கள் இருந்தன, அறுவடை முடிந்ததும் வேலையாட்கள் எல்லாருக்கும் இந்த நிறத்தில் துணி எடுத்துக் கொடுப்பார்கள், அம்மா அதன் ஞாபகமாக ஒன்றை வைத்திருக்கிறாள் என்றேன். டோரத்திக்குக் கண் கலங்கிவிட்டது. அதை ஒரு அட்டையில் அழகாக எழுதினாள்.

நூலகத்துக்குப் போர்வையைக் கொடுத்த அன்று கூடம் நிறைந்திருந்தது. என் மேலதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். யாழினியும் வந்திருந்தாள். ஒவ்வொரு பெண்ணாக ஒலிவாங்கி முன் நின்று தன் துணியைப் பற்றிச் சொன்னார்கள். கடைசியில் டோரத்தி அம்மாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். அம்மா இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இது நானே கடையில எடுத்த சேலை. எங்கூருல வருசா வருசம் பண்ணையில துணி குடுப்பாங்க, எல்லாருக்கும் இதே நெறந்தான். ஒரு வருசம் கூலி கூடக் கேட்டோம். துணியும் குடுக்கல, வேலையும் குடுக்கல. பட்டினி கெடந்தோம். இந்தா நிக்கிறாளே எம்மக, தீபாவளிக்குத் துணியில்லாம அழுது பொரண்டா. அப்பறம் தாசில்தாரு முன்னால பேசிக் கூலியக் கூட்டுனாங்க. தை அறுப்புக் கூலியில மொத மொதல்ல எனக்குன்னு ஒரு சேலை எடுக்கக் குடவாசக் கடைக்குப் போனேன். கடைக்காரரு பச்சை, ஊதா எல்லாம் எடுத்துப் போட்டாரு. இந்த நெறந்தான் வேணும்னேன். ஏம்மா, இது பண்ணைத் துணி நெறமாச்சேன்னாரு. நெறத்த என்ன பண்ணைக்குப் பட்டா போட்டா குடுத்துருக்குன்னு கேட்டேன். அவங்க குடுத்துக் கட்டுன நெறத்த நானே வாங்கிக் கட்டிக்கிட்டு அந்தக் களத்துமேட்டு வழியாவே நடந்து போகணும்னு ஆசை. போனேன். அந்தச் சேலதாங்க இது."

நாற்பது வருடமாக என்னிடம் சொல்லாத கதையை அம்மா கனடாவில் முன்பின் தெரியாதவர்களிடம் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, எல்லாருக்கும் புரிய வை என்பது போல என் முகத்தைப் பார்த்தாள்.

டோரத்தியின் கையில் அந்த அட்டை இருந்தது. முன் வரிசையில் மேலதிகாரி இருந்தார். அட்டையில் இருந்ததெல்லாம் நான் விட்ட கதை என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம்தான். நான் வாயைத் திறந்தேன், அட்டையில் இருந்த கதையையே ஆங்கிலத்தில் சொன்னேன். இன்னும் மெருகேற்றியும் சொன்னேன். வேலையாட்களின் குழந்தைகள் புதுத்துணி கட்டி வரப்பில் ஓடுவதைப் பார்த்து அம்மா மகிழ்வாள் என்றேன். கூட்டம் புன்னகை செய்தது. யாரோ ஒரு பெண் "எவ்வளவு நல்ல மனசு" என்றாள். எழுந்து நின்று கை தட்டினார்கள். அம்மா அவர்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடை நினைத்தால் இப்போதும் எனக்கு எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

6

வண்டியில் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாழினி பின்னால் இருந்தாள்.

"நான் சொன்னதெல்லாம் சொன்னியா?"

"சொன்னேம்மா."

"பட்டினி கெடந்ததையுமா?"

"ம்."

"அப்பறம் ஏன்டி எல்லாரும் சிரிச்சாங்க?"

இந்த ஊர்க்காரர்கள் எதற்கும் சிரிப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னாலிருந்து யாழினி பேசினாள்.

"அம்மாச்சி, அம்மா அதச் சொல்லல."

தமிழில் பேசினாள். உச்சரிப்பு கொஞ்சம் வழுக்கியது. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சொல்லிக் கொடுக்கிற தமிழில்லை, எங்கள் தெருவின் தமிழ். நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்றே கழற்றிப் போட்டுவிட்டு வந்த தமிழ் என் மகளின் வாயில் இருந்தது.

"பின்ன என்னத்தச் சொன்னா?"

"நமக்கு நெறைய நெலம் இருந்துச்சுன்னு சொன்னாங்க. வேலை பாக்குறவங்களுக்கெல்லாம் நம்மதான் துணி குடுத்தோம்னு சொன்னாங்க. நீங்க கூலி கேட்டதச் சொல்லல."

யாழினி, வாயை மூடு என்றேன் ஆங்கிலத்தில். அவள் கண்ணாடி வழியாக என்னை நேராகப் பார்த்தாள். நான்தான் பார்வையைச் சாலைக்கு மாற்றிக்கொண்டேன். அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கும் பதிலுக்கு ஏதாவது சொல்ல இருந்திருக்கும், அழுதாவது தீர்த்திருப்பேன். அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு யோசித்தாள். ஒரு கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி நிதானமாக யோசித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னைய மிராசுதாரு ஆக்கிட்டியா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. "அப்ப அந்தத் தீபாவளிக்கு ஒனக்குத் துணி குடுக்காதவ நாந்தானா?"